ஆற்றின் நீர்மட்டம் 5 மீட்டர் என்றால் ஆழமும் 5 மீட்டரா?

இல்லை. அளவுகோலின் பூஜ்ஜியப் புள்ளிக்கு மேல் நீர்ப்பரப்பு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதே அந்த எண். படுகை அரித்துப் போனாலும் அளவு மைனஸுக்குப் போகாதபடி, பூஜ்ஜியத்தைப் பெரும்பாலும் படுகைக்கும் கீழே வைப்பார்கள்.

கரையில் ஒரு கிணறு தோண்டி, குழாயால் ஆற்றோடு இணைத்து, உள்ளே மிதவை விட்டு அளப்பது பழைய முறை. அலையடிப்பு கிணற்றுக்குள் அடங்கிவிடும். ஆனால் குழாயில் வண்டல் அடைத்தால், ஆறு வேகமாக ஏறும்போது கிணற்றுநீர் பின்தங்கும். வெள்ள நேரத்தில் மிக ஆபத்தான பிழை இது. அதனால் வெளியே நட்டிருக்கும் அளவுப்பலகையோடு அடிக்கடி ஒப்பிட்டே ஆக வேண்டும். பாலத்தில் பொருத்தும் ரேடார் தண்ணீரைத் தொடுவதில்லை, அடைப்புத் தொல்லையும் இல்லை.

வெள்ள அபாய மட்டம் ஊருக்கு ஊர் மாறும். தண்ணீர் எந்த உயரத்தில் வீடுகளையும் சாலைகளையும் பாதிக்கத் தொடங்குகிறதோ, அங்கே அதுதான் அபாய மட்டம்.