தனித் தட்டு இனி வேண்டாம்

கேள்வி: என் தம்பிக்கு நுரையீரல் காசநோய். மருந்து தொடங்கி இரண்டரை மாதமாகிறது; சளியில் கிருமி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் வீட்டில் அவனுக்குத் தனித் தட்டுதான். சோர்ந்தே கிடக்கிறான், யாரோடும் பேசுவதில்லை. ஏன்?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் அந்தத் தட்டை மாற்றுங்கள். காசநோய், நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகளால் பரவுகிறதே தவிர, தட்டாலோ டம்ளராலோ பரவுவதில்லை. 1950களின் பிற்பகுதியில் சென்னையில் நடந்த ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து உண்டவர்களும் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில், இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்ததையும், வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதையும் காட்டி, உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றியது. அந்த ஆய்வு நடந்த மாநிலத்தில் இன்னமும் தட்டைப் பிரித்து வைக்கிறோம் என்பது எனக்கு வருத்தமே.

சளிப் பரிசோதனை கிருமியைத்தான் பார்க்கிறது. இழந்த எடை, நின்றுபோன சம்பளம், அக்கம்பக்கத்தாரின் பார்வை ஆகியவற்றால் ஒருவர் படும் பாட்டை அது அளப்பதில்லை. காசநோயாளிகளிடையே மனச்சோர்வு பரவலாகக் காணப்படுவதால், அவருடைய பேச்சின்மையைப் பிடிவாதம் என்று ஒதுக்காமல், தூக்கம், பசி, நம்பிக்கையின்மை ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கை கால் மரத்துப்போனாலும் சொல்ல வேண்டும். அது ஐசோநியசிட் என்ற காசநோய் மருந்தின் விளைவாக இருக்கலாம், அதற்கு பி6 வைட்டமின் தருவார்கள். சிறுநீர் செம்மஞ்சளாவது ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு காசநோய் மருந்தால், அஞ்ச வேண்டாம்.

காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் போஷண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 ஊட்டச்சத்து உதவி உண்டு. அவருடைய வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டுள்ளதா என்று சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள்.