வராத அலையும் வாடிக்கையாளரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறு வயதிலிருந்தே தொலைதூர வானொலி, தொலைக்காட்சி நிலையங்களைத் தேடிப் பிடிப்பதுதான் என் பொழுதுபோக்கு. அவற்றின் ஒலிபரப்பைக் கேட்டதை உறுதிசெய்து பல நாட்டு நிலையங்கள் அனுப்பிய கியூஎஸ்எல் அட்டைகள் வீட்டில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. அண்மையில் விருப்ப ஓய்வு பெற்றேன். ஆன்டெனா அமைத்துத் தருவது, அலைவரவில் உள்ள குறைகளைச் சரிசெய்வது என்று ஒரு சிறு தொழில் தொடங்க விரும்புகிறேன். எந்த இடத்திலும் எந்த நிலையத்தையும் என்னால் வரவழைத்துவிட முடியும். ஆனால் இந்தக் காலத்தில் ஆன்டெனாவை யார் கேட்பார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். பொழுதுபோக்கு தொழிலானால் அதன் மேலுள்ள காதல் செத்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். பழைய வால்வு வானொலிகளைப் பழுதுபார்த்து விற்கும் எண்ணமும் உண்டு. தொழிலுக்கு நல்ல பெயர் ஒன்றும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

பணத்தை எதிர்பார்க்காமல் ஒரு துறையில் ஆழ்ந்து கிடந்தவர் சேர்த்துவைத்த அறிவில் எந்தப் பகுதி பிறருக்குப் பயன்படும் என்ற கேள்வி சில காலமாக என்னைச் சுற்றிவருகிறது. உங்கள் கடிதம் அந்தக் கேள்வியின் நடுவில் வந்து விழுந்ததால் இந்தப் பதில்.

காதல் செத்துவிடும் என்ற அச்சத்தை நண்பர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, மீதிப் பாதியை முதல் ஆண்டின் கணக்குப் புத்தகம் அவர்களுக்குச் சொல்லும். பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 'எந்த இடத்திலும் எந்த நிலையத்தையும் வரவழைத்துவிட முடியும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் கடந்துபோக முடியவில்லை. இத்தனை காலம் வானலைகளோடு வாழ்ந்த ஒருவர் எழுதக்கூடிய வாக்கியமா இது? பகலில் வராத மத்திய அலை நிலையம் இரவில் வருவது, வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் மேல்வளிமண்டலப் பகுதியான அயனி மண்டலத்தில், அதுவரை அலையை உறிஞ்சிக்கொண்டிருந்த டி அடுக்கு சூரியன் மறைந்ததும் கலைந்துபோவதால்தான் என்பதும், சிற்றலையின் உயர் அலைவரிசைகள் ஏறத்தாழ 11 ஆண்டுச் சூரியப்புள்ளிச் சுழற்சியோடு உயிர்த்தும் ஒடுங்கியும் வருகின்றன என்பதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் திடீரென்று அடர்கிற, அதே மண்டலத்தின் இ அடுக்கு, 2,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொலைக்காட்சிப் படத்தைச் சில நிமிடம் உங்கள் திரையில் நிறுத்திவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். வந்ததில் உங்கள் பங்கு, அந்த நேரத்தில் விழித்திருந்ததும் தயாராக இருந்ததும் மட்டுமே.

பொழுதுபோக்காளர் தேடுவது அரிதாக வருவதை. பணம் கொடுப்பவர் கேட்பதோ ஒருநாளும் தவறாமல் வருவதை. 1975-இல் ஏடிஎஸ்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியாக இந்தியக் கிராமங்களுக்கென்று 860 மெகாஹெர்ட்ஸில் ஒளிபரப்பான கல்வி நிகழ்ச்சிகளை, இங்கிலாந்தில் தம் வீட்டில் தாமே செய்த டிஷ்ஷைக் கொண்டு பிடித்துக் காட்டினார் ஸ்டீவ் பர்க்கில் என்ற பொழுதுபோக்காளர். இந்தத் துறையில் அதற்கு நிகரான சாதனைகள் குறைவு. ஆயினும் அந்த மங்கிய படத்துக்கு அடுத்த வீட்டுக்காரர் எவரும் மாதக் கட்டணம் தரப்போவதில்லை. 1948-இல் அமெரிக்காவின் ஆஸ்டோரியா நகரில் எட் பார்சன்ஸ் செய்தது வேறு. தொலைக்காட்சி பார்க்க ஆசைப்பட்ட மனைவிக்காக, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சியாட்டில் நிலையத்தின் அலை எங்கே கிடைக்கிறது என்று ஊரெங்கும் அளந்து பார்த்து, ஒரு விடுதியின் மாடியில் ஆன்டெனாவை வைத்து, கம்பி இழுத்துத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். படம் பார்க்க வந்த கூட்டத்தால் வீட்டில் இருக்க முடியாமல் போனபோதுதான் கம்பியை மற்றவர்களுக்கும் நீட்டினார். கேபிள் தொலைக்காட்சித் தொழிலின் தொடக்கங்களில் ஒன்று அது. தொலைவை வென்ற பெருமை அவருக்கு இருந்திருக்கலாம். அண்டை வீட்டார் பணம் கொடுத்தது மாலைதோறும் வரும் படத்துக்காக.

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டெய்லர் ஹோவர்டின் கதை இன்னும் சுவையானது. 1976-இல் வீட்டிலேயே டிஷ் அமைத்துச் செயற்கைக்கோள் ஒளிபரப்பைப் பிடித்தவர், ஒழுங்காகக் கட்டணம் செலுத்திவிட வேண்டும் என்று எச்பிஓ என்ற அமெரிக்கக் கட்டணத் தொலைக்காட்சி நிறுவனத்துக்குக் காசோலை அனுப்பினார். கேபிள் நிறுவனங்களோடு மட்டுமே தங்களுக்கு வணிகம் என்று அவர்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு அவர் டிஷ் அமைக்கும் முறையைக் கையேடாக எழுதி விற்றார். டிஷ்ஷின் குவியத்தில் பொருத்தி அலையை வாங்கிக்கொள்ளும் ஃபீட்ஹார்ன் என்ற கருவியைச் செய்யும் நிறுவனம் ஒன்றின் நிறுவனர்களில் ஒருவருமானார். தாம் பிடித்த படத்தை அவர் விற்கவில்லை, பிடிக்கும் வழியைத்தான் விற்றார்.

எனக்குச் சிற்றலை கேட்கக் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவருடைய பதிவேட்டில் எந்த நேரம், எந்த அலைவரிசை, எந்தத் திசை என்று குறித்து, கடைசிக் கட்டத்தில் 'கேட்கவில்லை' என்று எழுதிய வரிகளே அதிகம். கேட்காததை எதற்கு எழுத வேண்டும் என்று சிறுவனாக இருந்த நான் கேட்டபோது, அதை எழுதாதவன் கேட்டேன் என்று எழுதியதை எப்படி நம்புவது என்றார். ஒருமுறை, தொலைவிலிருந்த ஒரு தொலைக்காட்சி நிலையத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று அண்டை வீட்டுக்காரர் வந்து நின்றார். பெரியவர் அவருடைய மாடியில் காலையிலும் மாலையிலும் இரவிலும் அளந்து பார்த்தார். காற்றில்லாத வெப்ப இரவுகளில், தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று படிந்து நிற்கும்போது மட்டும் படம் வரும், மற்ற நாள்களில் வராது, செலவு செய்யாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். கோபித்துக்கொண்டு போனவர் அதன்பின் அவர் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. ஆனால் தம் உறவினர்களை எல்லாம் அந்தப் பெரியவரிடமே அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் மனம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உங்களிடம் விற்பதற்கு இருக்கும் சரக்கு இந்தப் பழக்கம்தான். நிலையங்களுக்கு அனுப்பும் அலைவரவு அறிக்கைகளில் சின்போ என்ற தரக் குறியீட்டை இட்டு, அலையின் வலிமை வேறு, குறுக்கீடு வேறு, இரைச்சல் வேறு என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்குள் தனித்தனி மதிப்பெண் போட்டுப் பழகிய காது உங்களுடையது. படம் சரியில்லை என்றதும் பூஸ்டர் எனும் அலைபெருக்கியை மாட்டிவிட்டுப் போகிறவருக்கு அந்தக் காது இல்லை. பெருக்கி அலையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும் என்பதும், வலுவான உள்ளூர் அலை பெருக்கியைத் திணறடித்தால் இருந்த படமும் போய்விடும் என்பதும், பெருக்கியைக் கேபிளின் இந்த முனையில் தொலைக்காட்சிப் பெட்டிக்கருகே வைப்பதைவிட மேலே ஆன்டெனாவின் அடியில் வைப்பதே பலன் தரும் என்பதும் அவருக்கு ஒரு பொருட்டல்ல. பல வேளைகளில் குற்றவாளி வானத்தில் இருப்பதில்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மலிவான எல்இடி விளக்கோ கைபேசிச் சார்ஜரோ மின்தூக்கியோ மத்திய அலை முழுவதையும் இரைச்சலால் மூடிவிடும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கும் பொறுமை, இரவெல்லாம் ஒரு நிலையத்தின் அறிவிப்புக்காகக் காத்திருந்தவருக்கே இருக்கும். டிஜிட்டல் ஒளிபரப்பு வந்தபின் இந்தத் தேவை கூடியிருக்கிறது. பழைய முறையில் அலை குறைந்தால் படத்தில் பூச்சி பறக்கும், எவ்வளவு குறைந்தது என்பது கண்ணுக்கே தெரியும். டிஜிட்டலில் ஓர் எல்லைவரை படம் குறையின்றித் தெரியும், அதற்குக் கீழே ஒன்றும் தெரியாது. எல்லைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறோம் என்பதை அளவுமானியும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும்தான் சொல்ல முடியும்.

ஆகவே முதல் வருகையில் எதையும் பொருத்தாதீர்கள். அளந்து பாருங்கள். எது வரும், எது வராது, எது சில பருவங்களில் மட்டும் வரும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்து, அந்தத் தாளுக்குக் கட்டணம் வாங்குங்கள். 'வராது' என்று எழுதிக் கொடுத்த நாளிலும் வாங்குங்கள். அங்கேதான் உங்களைப் போன்றவர்கள் கூச்சப்பட்டு, இவ்வளவு தூரம் வந்தோமே என்று ஏதாவது ஒரு கம்பியை நட்டுவிட்டு வருவீர்கள். அந்தக் கம்பி ஒவ்வொரு மழைக்கும் உங்களைத் தொலைபேசியில் அழைக்கும்.

வால்வு வானொலிகளை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மின்மாற்றி இல்லாத பழைய பெட்டிகளில் உலோகச் சட்டத்திலேயே மின்சாரம் பாயக்கூடும். வீட்டு மின்னிணைப்போடு உள்ள நேரடித் தொடர்பைத் துண்டிக்கும் தனிமைப்படுத்தும் மின்மாற்றி இல்லாமல் அவற்றைத் திறக்கக் கூடாது. பல பத்தாண்டுகள் தூங்கிய பெட்டியை, உலர்ந்துபோன மின்தேக்கிகளை மாற்றாமல் நேரடியாக மின்சாரத்தில் மாட்டுவதும் ஆபத்து. பழுதுபார்த்து விற்றபின் வாங்கியவர் வீட்டில் அது என்ன செய்தாலும் பொறுப்பு உங்களைச் சேரும். முதல் தொழில் நிலைபெற்ற பிறகும் ஆசை மிஞ்சியிருந்தால் எழுதுங்கள், அப்போது அதைப் பற்றி விரிவாகப் பேசலாம்.