தூது ஆர்.என்.ஏ ஏன் மடங்குகிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

தூது ஆர்.என்.ஏ மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஒரு நீளமான நாடா, செல்லுக்குள் இருக்கும் ரைபோசோம் என்னும் பொறி அதைப் படித்துக்கொண்டே போய்ப் புரதம் செய்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வகுப்பில் அதைச் சொன்னபோது ஒரு மாணவி, “படத்தில் அது மடங்கிச் சுருண்டு கிடக்கிறதே டீச்சர், அப்புறம் எப்படிப் படிக்கும்?” என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஓர் ஆசிரியை, திருமங்கலம்

அன்புள்ள டீச்சர்,

அவள் கேட்டது சரி. நாடா என்று மட்டும் சொல்லி நிறுத்தியது என் பிழை. ஒற்றை இழை என்பதால் அது தன்மேலேயே மடங்கும். அதன் நான்கு எழுத்துகளில் அடினைன் யுராசிலோடும், குவானைன் சைட்டோசினோடும் ஜோடி சேர்ந்து கொண்டை ஊசி வளைவுகள் உண்டாகும்.

படிக்கத் தொடங்கிவிட்ட ரைபோசோம் வழியில் வரும் மடிப்புகளைப் பிரித்துக்கொண்டே போய்விடும். சிக்கல் இருப்பது, படிக்கத் தொடங்க வேண்டிய இடத்தில்தான். மதுரைச் சுங்குடியில் நூலால் இறுகக் கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. புள்ளிகள் வருவதே அதனால்தான். அதுபோல, பாக்டீரியாவில் ரைபோசோம் வந்து உட்காரும் இடம் மடிப்புக்குள் போய்விட்டால் அந்தப் புரதம் உருவாவது குறைந்துவிடும், சில நேரம் நின்றேவிடும்.

உணவு வழியாகத் தொற்றும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவைப் பாருங்கள். அதன் நோயுண்டாக்கும் மரபணுக்களை முடுக்கிவிட ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ-வின் முன்பகுதி 30 டிகிரி செல்சியஸில் மடங்கிக் கிடக்கும், 37 டிகிரியில் அவிழும். 37 நம் உடம்புச் சூடு! சுங்குடி முடிச்சைக் கைதான் அவிழ்க்க வேண்டும். இங்கே சூடே அவிழ்த்துவிடுகிறது. 2002இல் பாரிஸ் பாஸ்தர் நிறுவனத்தில் பாஸ்கல் கோசாரின் குழு இதைக் காட்டியது. அந்த முன்பகுதியை மட்டும் எடுத்து, பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவுக்கு முன்னால் ஒட்டி, ஈ.கோலை என்ற வேறொரு பாக்டீரியாவில் வைத்தார்கள். 37 டிகிரியில் பாக்டீரியா ஒளிர்ந்தது, 30இல் ஒளிரவில்லை. இவ்வளவு எளிய, இவ்வளவு தெளிவான சோதனைகள் அபூர்வம். வகுப்பில் அவசியம் சொல்லுங்கள்.

வைரஸ்களும் இதைச் செய்கின்றன. ஈ.கோலையைத் தாக்கும் எம்.எஸ்.2 வைரஸின் ஆர்.என்.ஏ வெறும் 3,569 எழுத்துகள். அதில், வைரஸின் ஆர்.என்.ஏ-வை நகலெடுக்கும் புரதத்தின் தொடக்க இடம் மடிப்பில் மறைந்திருக்கும். வைரஸின் உறையாகும் புரதத்துக்கான பகுதியைப் படித்துக்கொண்டு வரும் ரைபோசோம்தான் அதைத் திறந்துவிடும். அப்புறம் உறைப் புரதம் போதுமான அளவு சேர்ந்ததும், அதுவே அங்குள்ள கொண்டை ஊசியில் உட்கார்ந்து மூடிவிடும்.

அந்த மாணவியிடம் ஒரு காகித நாடாவையும் பென்சிலையும் கொடுங்கள். நான்கு எழுத்துகளையும் கலந்து எழுதி, ஜோடி சேரும்படி அவளே மடித்துப் பார்க்கட்டும். குவானைன் சில இடங்களில் யுராசிலோடும் சேரும், அதையும் சொல்லிவிடுங்கள்.