ராபர்ட் முண்டெல்: கேள்வி பதில்

கேள்வி: எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். அரசின் செலவும் வட்டி விகிதமும் திறந்த பொருளாதாரத்தில் எப்படி வேலை செய்கின்றன என்று சொல்லும் முண்டெல்–ஃபிளெமிங் மாதிரியைத் தேர்வுக்காக உருப்போட்டுவிட்டேன். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை.

பதில்: கனடாவிலிருந்து. பெரும்பாலான நாடுகள் டாலருக்கு நிலையான மாற்று விகிதம் வைத்திருந்த காலத்தில், கனடா 1950 முதல் 1962 வரை தன் நாணயத்தை மிதக்க விட்டது, அதாவது மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டது. அமெரிக்காவுக்கும் அதற்கும் இடையே பணம் தாராளமாகப் போய்வந்தது. 1932இல் ஒன்டாரியோ மாகாணத்தின் கிங்ஸ்டனில் பிறந்த பொருளாதார அறிஞர் முண்டெலுக்கு இதெல்லாம் சொந்த நாட்டு விஷயம். 1961இல் சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். மாதிரியின் பெயரில் வரும் இன்னொரு பொருளாதார அறிஞர் மார்கஸ் ஃபிளெமிங்கும் அங்கேதான் இருந்தார், ஆனால் இருவரும் தனித்தனியாகவே இந்த மாதிரிக்கு வந்தார்கள்.

உருப்போட வேண்டாம், பணம் போகும் வழியைப் பாருங்கள். நாணயம் மிதக்கும் நாட்டில் அரசு கடன் வாங்கிச் செலவு செய்கிறது. வட்டி ஏறும். அந்த வட்டிக்காக வெளிநாட்டுப் பணம் உள்ளே வரும். நாணய மதிப்பு கூடி ஏற்றுமதி அடிவாங்கும். செலவால் கிடைத்த பலன் அதிலேயே கரைந்துவிடும். விகிதத்தை நிலையாக வைத்தால் நிலைமை தலைகீழ்: அரசின் செலவு பலன் தரும், மத்திய வங்கியின் வட்டிக் குறைப்புதான் வீணாகும். மத்திய வங்கி வட்டியைக் குறைத்தால் பணம் வெளியே ஓடும். விகிதத்தைக் காக்க, கையிருப்பு டாலரை விற்றுச் சொந்த நாணயத்தை வாங்கியாக வேண்டும். நாட்டுக்குள் பணம் குறைந்து வட்டி பழைய இடத்துக்கே வந்துவிடும். 1983 முதல் ஹாங்காங் தன் நாணயத்தை டாலரோடு கட்டி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் வட்டி ஏறினால் அங்கேயும் ஏறுவது இதனால்தான்.

கேள்வி: அவரை யூரோவின் தந்தை என்கிறார்கள். யூரோவை எதிர்ப்பவர்களும் அவர் கட்டுரையைத்தானே காட்டுகிறார்கள்?

பதில்: ஆமாம், அதில் நியாயமும் இருக்கிறது. ஒரே நாணயம் எந்தப் பரப்புக்குப் பொருந்தும் என்பதுதான் அவரது 1961 கட்டுரையின் கேள்வி. நாட்டின் எல்லையைப் பார்க்காதே, தொழிலாளர்கள் வேலை தேடி இடம் மாற முடிகிறதா என்று பார் என்றார். 2010இல் கிரீஸ் நெருக்கடியில் சிக்கியபோது மதிப்பைக் குறைத்துக்கொள்ள அதற்குச் சொந்த நாணயம் இல்லை. சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் கைவைத்தார்கள். ஆனால் 1970களிலேயே முண்டெல் ஐரோப்பாவுக்கு ஒற்றை நாணயம் வேண்டும் என்று வாதாடத் தொடங்கியிருந்தார். என் வரையில், 1961இல், இருபத்தெட்டு வயதில் எழுதியதே வலுவான வாதம்.

கேள்வி: நோபல் பரிசு யூரோவுக்காகவா?

பதில்: இல்லை. யூரோ பிறந்த அதே 1999இல் கிடைத்தது, ஆனால் மேலே சொன்ன 1960களின் ஆய்வுகளுக்காக.

கேள்வி: எனக்குப் பேராசிரியர் ஆக ஆசை. இடையில் நாணய நிதியம் மாதிரி இடத்துக்குப் போனால் ஆய்வு கெட்டுவிடுமா?

பதில்: கெடாது, தைரியமாகப் போங்கள். முண்டெல் 1956இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கியவர். நிதியத்தில் இருந்தது சுமார் இரண்டு ஆண்டுதான். அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம், 1974 முதல் கொலம்பியா பல்கலைக்கழகம். இன்றும் மேற்கோள் காட்டப்படும் அவர் கட்டுரைகளில் முக்கியமானவை நிதியத்தில் இருந்த ஆண்டுகளை ஒட்டி வந்தவை. பொருளாதாரப் பேராசிரியர் கீதா கோபிநாத்தும் ஹார்வர்டிலிருந்து 2019இல் நிதியத்துக்குப் போய், 2025இல் ஹார்வர்டுக்கே திரும்பினார். கணிதத்தை விடாதீர்கள். அதோடு ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் வெளியிடும் அந்நியச் செலாவணி வரவு செலவு அட்டவணையை வரி வரியாகப் படிக்கப் பழகுங்கள். மாதிரியில் பணம் உள்ளே வருவதும் வெளியே போவதும் அதில் ரூபாய்க் கணக்காக இருக்கும்.