வண்டி ஓட்டியவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியை எதிர்த்த நேசநாட்டுப் படைகள் 1944-இல் பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கியதன் 80ஆம் ஆண்டு நினைவு நாளுக்கு, 2024 ஜூன் மாதம் பழைய இராணுவ வண்டி ஆர்வலர்களுடன் சென்றுவந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பை வாசித்தேன். என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் இராணுவ லாரி ஓட்டியவர். ஊர் திரும்பிய பின் முப்பது ஆண்டுகள் உயிரோடு இருந்தும், அந்த நாட்களைப் பற்றி வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று அப்பா சொல்வார். பல்லாயிரம் பேர் செத்து விழுந்த இடத்தில், அதே வண்டிகளுக்கு வண்ணம் பூசி, அதே சீருடையை உடுத்திக்கொண்டு ஊர்வலம் போவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. போரைத் திருவிழா ஆக்குவதல்லவா இது? நீங்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் உறுத்தல் நியாயமானது. அதே உறுத்தலோடுதான் நானும் புறப்பட்டேன், அதில் ஒரு பாதி இன்னும் என்னிடம் இருக்கிறது. மறு பாதி எங்கே, எப்படி மாறியது என்பதை, உங்கள் தாத்தா ஓட்டுநர் என்பதாலேயே, கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

நெதர்லாந்தில் பொறியாளராக இருக்கும் என் நண்பர் பத்து ஆண்டுகளாக அங்குள்ள ஒரு சிறு குழுவில் உறுப்பினர். இரண்டு ஜீப்புகள், ஒரு டாட்ஜ் ஆம்புலன்ஸ், ஒரு ஜிஎம்சி லாரி, இவைதான் அவர்களுடைய சொத்து. அவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற மெக்கானிக்குகள், தச்சர்கள், பள்ளி ஆசிரியர்கள். ஜூன் 4ஆம் தேதி மாலை நார்மண்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த வாரம் முழுவதும் கடற்கரைச் சாலைகளில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆலிவ் பச்சை வண்டிகள்தான். அவற்றில் கணிசமானவை போரைக் கண்டவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். போருக்குப் பின் பிரான்ஸில் ஹாட்ச்கிஸ் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்த ஜீப்புகள் பார்வைக்கு அப்படியே 1944-ஐப் போல இருக்கும். அமெரிக்கப் படையின் அடையாளமான வெள்ளை நட்சத்திரத்தை வரைந்துவிட்டால் அறியாதவர்களுக்கு வேறுபாடு தெரியாது. நம் ஊரில் மகிந்திரா நிறுவனம் 1947 முதல் பாகங்களை வரவழைத்துப் பூட்டிய, வில்லிஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஜீப்பும் அதே குடும்பம்தான்.

ஆனால் எங்கள் குழுவின் ஜீப் ஒன்று போர்க்காலத்தில் ஃபோர்டு தொழிற்சாலையில் உருவானது. குழுவின் மூத்த மெக்கானிக், எழுபது வயதுக்காரர், பானெட்டைத் திறந்து ஒரு போல்ட்டின் தலையைத் துணியால் துடைத்து எனக்குக் காட்டினார். அதில் ஃபோர்டின் முதலெழுத்து மிகச் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருந்தது. வில்லிஸ் வடிவமைத்த வண்டியை ஃபோர்டும் செய்ய வேண்டியிருந்தபோது, தான் செய்த பாகங்களில் அந்த நிறுவனம் இட்ட அடையாளம் அது. முகப்பு விளக்கைத் தாங்கும் திருகைத் தளர்த்தி, விளக்கை அப்படியே பின்னால் மடக்கி, அது எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டும்படி வைத்தார். இருட்டில் பழுது பார்க்கப்போகும் ஒருவனை மனத்தில் வைத்து யாரோ ஒரு வடிவமைப்பாளர் யோசித்திருக்கிறார். பம்பரின் நடுவில் செங்குத்தாக நின்ற இரும்புக் கம்பம் வேறொரு கதை. கண்ணாடியைப் பானெட் மேல் மடக்கிவிட்டு ஓட்டுபவர்களின் கழுத்து உயரத்தில் ஜெர்மானியர்கள் சாலைக்குக் குறுக்கே கம்பி கட்டியதனால், அந்தக் கம்பியை அறுப்பதற்காகக் களத்திலேயே பற்றவைக்கப்பட்டது அது. அந்த இரும்பைக் கையால் தொட்டபோது ஊர்வலம், கொடி, இசைக்குழு எல்லாம் மனத்தைவிட்டு அகன்றுவிட்டன.

இனிச் சீருடைக்கு வருகிறேன், உங்கள் கேள்வியின் முள் அங்கேதான் இருக்கிறது. நாஜி அமைப்புகளின் சீருடையையும் சின்னங்களையும் பொதுவெளியில் அணிவதை பிரெஞ்சுச் சட்டம் தடைசெய்கிறது. திரைப்படம், நாடகம், வரலாற்றுக் கண்காட்சி ஆகியவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. நேசநாட்டுச் சீருடைக்குத் தடை எதுவும் இல்லை, ஆகவே இளைஞர்கள் பலர் பாராசூட் வீரர்களின் உடையில், மார்பில் தாங்கள் ஈட்டாத பதக்கங்களோடு நடந்தார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை. சக்கர நாற்காலியில் வந்திருந்த நூறு வயதை ஒட்டிய முதியவர் ஒருவருக்கு எதிரே, அவர் இருபது வயதில் உடுத்திய அதே உடையில் இருபது வயதுப் பையன் ஒருவன் நின்று படம் எடுத்துக்கொண்டதைப் பார்த்தேன். முதியவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், நான்தான் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு: மெக்கானிக்கின் மேலங்கி மட்டுமே அணியலாம், பதவிச் சின்னமோ பதக்கமோ கூடாது, கல்லறைத் தோட்டத்துக்கு நூறு அடிக்கு முன்பே எஞ்சினை நிறுத்திவிட்டு மேலங்கியையும் கழற்றிவிட்டு நடந்து போக வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் சார்ஜென்ட் பட்டையோடு வந்தபோது, குழுத் தலைவர் யார் காதிலும் விழாமல் அவரைத் தனியே அழைத்துச் சென்று பேசினார். அன்று மாலை அந்தப் பட்டை பிரிக்கப்பட்டுவிட்டது. வண்டி வேறு, உடை வேறு என்று நான் பிரித்துப் பார்க்கத் தொடங்கியது அங்கேதான். வண்டியை ஒருவர் பேணலாம், தன் நகத்திடுக்கில் கிரீஸ் ஏறும்படி அதற்கு உழைக்கலாம். இன்னொருவர் பட்ட பாட்டை உடுத்திக்கொள்ள முடியாது.

ஜூன் 6ஆம் தேதி, பல நாட்டுத் தலைவர்களின் வருகையால் சாலைகள் அடைக்கப்பட்டிருந்தன; முதன்மை விழாக்கள் எதையும் நாங்கள் பார்க்கவில்லை. மறுநாள் பேயோ நகரத்துக்குத் தெற்கே உள்நாட்டுக் கிராமங்களுக்குப் போனோம். அந்தப் பகுதியைப் பற்றி நம்மவர்களுக்கு அதிகம் தெரியாது. 1944 ஜூன் 6 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 1,56,000 பேர் கரையிறங்கினார்கள் என்பதும், அவர்களில் 4,400-க்கும் மேற்பட்டோர் அன்றே மாண்டார்கள் என்பதும் எல்லா நூல்களிலும் உண்டு. அந்தக் கோடை முழுவதும் நீண்ட நார்மண்டிப் போரில் ஏறத்தாழ 20,000 பிரெஞ்சுப் பொதுமக்கள் இறந்தார்கள் என்பதும், அவர்களில் மிகப் பலர் தங்களை விடுவிக்க வந்தவர்களின் விமானக் குண்டுகளாலேயே இறந்தார்கள் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஓனே-சூர்-ஓதோன் என்ற சிற்றூர் அந்த ஜூன் மாதக் குண்டுவீச்சில் ஏறத்தாழ முழுவதுமாக அழிந்தது.

அதற்கு அண்மையில் ஒரு கிராமச் சதுக்கத்தில் வண்டிகளை நிறுத்தியிருந்தோம். எண்பத்தெட்டு வயதான ஓர் அம்மையார் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜீப்பை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே ஜிஎம்சி லாரியின் பின்பக்கம் போய் நின்று, பின்கதவைத் திறந்துவிட முடியுமா என்று கேட்டார். நண்பர் கொக்கிகளை விடுவித்துக் கதவை இறக்கியதும், அதன் இருபுறச் சங்கிலிகளும் இரும்பில் உரசிச் சலசலத்து இறுகின. அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு முறை மூடித் திறக்கச் சொன்னார், திறந்தோம். பிறகு மெதுவாகச் சொன்னதை நண்பர் எனக்கு மொழிபெயர்த்தார்: எட்டு வயதில் அவருடைய வீடும் தெருவும் போயிற்று, தம்பியும் போனான். பல வாரங்களுக்குப் பிறகு, இடிபாடுகளுக்கு நடுவே பாதை ஒதுக்கிக்கொண்டு இப்படி ஒரு லாரி வந்து நின்றது. அந்தச் சங்கிலிச் சத்தம் கேட்டால் மாவு மூட்டை இறங்குகிறது என்று பொருள். கதவு மிக உயரமாக இருந்ததால் எட்டாமல் நின்ற அவரை, ஓட்டுநர் இடுப்பில் பிடித்துத் தூக்கி மேலே உட்கார வைத்தார். அந்த ஓட்டுநர் கறுப்பர். அதற்கு முன் அம்மையார் கறுப்பர் ஒருவரைக் கண்டதேயில்லை. இதைத் தன்னிடம்கூட அம்மா இதுவரை சொன்னதில்லை என்றார் மகள்.

எஸ்., தாத்தா வாய் திறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த அம்மையாரும் எண்பது ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. அவரிடம் பேட்டி எடுக்கச் சென்றிருந்தால் இது வெளிவந்திருக்காது என்றே நினைக்கிறேன். துருப்பிடித்துக் கிடந்த ஒரு சங்கிலியை யாரோ ஒருவர் கழற்றி, எண்ணெயில் ஊறவைத்து, அதே கண்ணிகளோடு திரும்பப் பூட்டியிருக்கிறார். அதனால் அது சரியான ஓசையை எழுப்பியது. என் மனம் பாதி மாறிய இடம் அதுதான்.

அந்தக் கறுப்பின ஓட்டுநர் எங்கிருந்து வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1944 ஆகஸ்ட் இறுதியில் நேசநாட்டுப் படைகள் பாரிஸைத் தாண்டி விரைந்து முன்னேறின. ரயில் பாதைகளோ குண்டுகளால் சிதைந்திருந்தன. பெட்ரோலும் குண்டும் உணவும் கடற்கரையிலிருந்து சாலை வழியாகத்தான் போக வேண்டும். ஆகஸ்ட் 25 அன்று ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ என்ற லாரித் தொடர் தொடங்கியது. போக ஒரு சாலை, வர ஒரு சாலை, அவற்றில் வேறு எந்த வண்டிக்கும் இடமில்லை. வழிநெடுகச் சிவப்பு வட்டப் பலகைகள். உச்ச நாட்களில் ஏறத்தாழ 6,000 லாரிகள் ஓடின, ஒரே நாளில் 12,000 டன்னுக்கு மேல் சுமந்தன. இதன் ஓட்டுநர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின அமெரிக்கர்கள். அன்றைய அமெரிக்க இராணுவத்தில் கறுப்பர்களுக்குத் தனிப் பிரிவுகள்தான். பெரும்பாலும் துப்பாக்கி ஏந்தும் படைகளில் சேர்க்காமல் சுமக்கவும் ஓட்டவுமே அவர்களை வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் ஓட்டாமல் இருந்திருந்தால் முன்னணியில் எந்த டாங்கியும் நகர்ந்திருக்காது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு, இரவில் மூடிய விளக்கின் கீற்று வெளிச்சத்தில், தூக்கமில்லாமல் ஓட்டினார்கள். அந்த ஜிஎம்சியை ஒரு காலி மைதானத்தில் ஓட்டிப் பார்க்க என்னையும் அனுமதித்தார்கள். ஒவ்வொரு கியருக்கும் டபுள் கிளட்ச் போட வேண்டும், அதாவது கிளட்சை இருமுறை மிதிக்க வேண்டும், ஸ்டியரிங் பாறையைத் திருப்புவது போல இருக்கிறது. கால் மணி நேரத்தில் என் தோள்பட்டை இறுகிவிட்டது. அவர்கள் அதை இரவும் பகலும் ஓட்டினார்கள்.

நினைவு விழாக்களின் உரைகளில் கரையேறியவர்களும் பாராசூட்டில் குதித்தவர்களும் சுட்டவர்களும் இடம்பெறுகிறார்கள். ஓட்டியவர்களை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு பழைய லாரியை ஓடும் நிலையில் வைத்திருப்பவர்கள் அறிந்தோ அறியாமலோ அவர்களுக்காகத்தான் பேசுகிறார்கள்; ஏனெனில் ஒரு லாரியின் முன்னால் நின்று, இதை யார் ஓட்டினார்கள் என்று கேட்காமல் இருக்க முடியாது.

புறப்படும் நாளன்று பேயோ போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பிரான்ஸில் உள்ள இரண்டாம் உலகப் போரின் காமன்வெல்த் கல்லறைத் தோட்டங்களில் அதுவே பெரியது. 4,648 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள், அவர்களில் 466 பேர் ஜெர்மானியர்கள். வண்டிகளைத் தொலைவிலேயே விட்டுவிட்டு நடந்தோம். ஒரே உயரமுள்ள வெள்ளைக் கற்கள், ஒவ்வொன்றின் அடியிலும் பூச்செடி. சரக்குப் போக்குவரத்தைக் கவனித்த பிரிட்டிஷ் இராணுவச் சேவைப் பிரிவில், அன்று சாதாரணச் சிப்பாய்க்கு உரிய பதவியின் பெயரே ‘டிரைவர்’ என்பதுதான். ஆகவே கேப்டன், சார்ஜென்ட் என்று மற்றக் கற்களில் இருக்கும் இடத்தில், சில கற்களில் பெயருக்கு முன்னால் ‘டிரைவர்’ என்று பொறித்திருக்கிறது. நம் ஊரில் யாரும் கல்லறையில் எழுதிக்கொள்ள நினைக்காத சொல் அது. அப்படி ஒரு கல்லின் முன்னால் எங்கள் மூத்த மெக்கானிக் வெகுநேரம் நின்றார். கிரீஸ் படிந்த விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்ட பிறகே அந்தக் கல்லைத் தொட்டார்.

உங்கள் தாத்தாவைப் பற்றி ஒன்று. நார்மண்டியில் கரையிறங்கிய அதே 1944 ஜூன் மாதத்தில்தான், 22ஆம் தேதி, பர்மா எல்லையருகே ஜப்பானியரால் முற்றுகையிடப்பட்டிருந்த இம்பாலுக்குக் கொஹிமா வழியான சாலை மீண்டும் திறந்தது. அந்த மலைச் சாலைகளில் சரக்கு ஏற்றிச் சென்றவர்களில் பெரும்பாலோர் இந்திய ஓட்டுநர்கள். அவர் எங்கே ஓட்டினார் என்பது உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமலிருக்கலாம். கனடாவில் செய்த, மூக்கு சப்பையாக, முகப்பு சரிந்து நிற்கும் செவர்லே, ஃபோர்டு லாரிகளைத்தான் அந்த முனையில் இந்தியப் படை ஏராளமாகப் பயன்படுத்தியது. வண்டியோடு அவர் நிற்கும் புகைப்படம் ஏதேனும், வண்டியின் ஒரு மூலை மட்டும் தெரிந்தாலும், உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். இருந்தால் அனுப்புங்கள். விளக்கின் இடத்தையும் முகப்புக் கம்பி வலையையும் பார்த்து வண்டியின் வகையைச் சொல்லக்கூடியவர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். நான் கேட்டுச் சொல்கிறேன்.