மகள் தாவரவியல் படிக்கட்டுமா?

அம்மா, மகள் தாவரவியல்தான் வேண்டும் என்கிறாள், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு அதை வைத்து எப்படிப் பிழைப்பாள் என்று கேட்டிருந்தீர்கள். வேலை இருக்கிறது. சாலைக்கும் சுரங்கத்துக்கும் முன்பு நடக்கும் சுற்றுச்சூழல் ஆய்வு, வெளிநாட்டுக் களைச்செடி ஒழிப்பு, உலர்த்திய செடிகளைச் சேமித்துவைக்கும் ஹெர்பேரியம் எனப் பல இடங்களில் ஆள் வேண்டும். ஆனால் அங்கே வெறும் பட்டம் போதாது, செடியைப் பிழையில்லாமல் பெயர் சொல்லத் தெரிய வேண்டும்.

டிராக்கன்ஸ்பர்க் மலையில் ராயல் நட்டால் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புல்வெளியில் பலரைத் திணறடிப்பது செவ்வந்திக் குடும்பம். ஒரு பூவாகத் தெரிவது உண்மையில் பல சிறுபூக்கள் சேர்ந்த தலை. இதழின் நிறத்தை நம்பினால் தவறிவிடும். தலைக்கு அடியில் இருக்கும் செதில்களைப் பார்க்க வேண்டும். இந்தக் குடும்பத்தின் செனீசியோ என்ற பேரினத்தில் அவை ஏறக்குறைய ஒரே வரிசை, ஒரே நீளம். ஹெலிக்ரைசம் என்ற பேரினத்தில் பல வரிசை, காகிதம்போல் உலர்ந்தவை. சுலு மக்கள் தூபமாக எரிக்கும் இம்பெப்போ இந்தப் பேரினம்தான். பெர்கேயா பேரினத்தில் முள் இருக்கும். அடுத்து விதையின் உச்சி: பஞ்சா, செதிலா, முள்ளா? சாக்ஸில் ஒட்டும் பிளாக்ஜாக் என்ற களையின் கொக்கிகளும் அதே உறுப்புதான்.

செடி சேகரிக்க, பத்து மடங்கு லென்ஸ், உயரமும் இடமும் காட்டும் ஜிபிஎஸ், நோட்டு, செடியைத் தட்டையாக உலர்த்தும் அழுத்துபலகை போதும். அடியிலையும் வேரும் இல்லாமல் மேல்பாதியை மட்டும் கிள்ளி வருவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. பல செனீசியோக்களை அடியிலை இல்லாமல் பிரிக்கவே முடியாது. ஒரு தலையை நீளவாக்கில் பிளந்து அழுத்த வேண்டும். தடித்த தலைகள் அழுத்திய பிறகும் முற்றிப் பஞ்சாகிவிடும், அதனால் பாதி விரிந்ததையே பறிக்க வேண்டும். உறிஞ்சுதாளை முதல் வாரம் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நிறம் மங்கிவிடும் என்பதால் பறித்த இடத்திலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் 20 செடிகூட இல்லையென்றால் படத்தோடு நிறுத்திக்கொள்வது நல்ல வழக்கம். பூங்காவுக்குள் செடி சேகரிக்கும் அனுமதி இல்லாமல் ஓர் இலையும் பறிக்கக்கூடாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும்; விடியலில் ஏறி நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும். அம்மாவாக இதை நீங்கள் கண்டிப்பாகச் சொல்லலாம்.

பெயர்களும் மாறும். முன்பு வெர்னோனியா என்ற சில செடிகள் இப்போது ஹில்லியார்டியெல்லா. நட்டாலின் இந்தக் குடும்பத்தை ஆராய்ந்த ஆலிவ் ஹில்லியார்டின் பெயரால் வந்தது. ஊதா நிற வெர்னோனியாவையும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த பாம்பாம் களையையும் குழப்பினால், களையென்று நம் மண்ணின் செடியை அழித்துவிடுவார்கள்.

பள்ளிப் படிப்பில் மேத்ஸ் லிட்டரசி என்ற எளிய கணக்கு வேண்டாம், கணக்கு பாடத்தையே வைத்துக்கொள்ளட்டும். அதோடு உயிரியலும், இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த ஃபிசிக்கல் சயன்சஸ் பாடமும். பிறகு குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு பிஎஸ்ஸி, மேலும் ஓராண்டு ஆனர்ஸ். ஆனர்ஸ் இல்லாமல் நிறுத்தினால் இயற்கை அறிவியலாளர்களைப் பதிவுசெய்யும் தென்னாப்பிரிக்க மன்றமான சாக்நாஸ்பில் முழுத் தொழில்முறை விஞ்ஞானியாகப் பதிய முடியாமல் போகும். ஆய்வு அறிக்கைக்குக் கையெழுத்திடும் வேலைகள் பெரும்பாலும் அந்தப் பதிவைக் கேட்கும்.

இந்த டிசம்பர் விடுமுறையில் வேலியோரத்துக் களைகளில் பத்து வகையை அழுத்திப் பெயர் கண்டுபிடிக்கட்டும். பத்தையும் முடித்த பிறகும் பதினொன்றாவதைத் தேடிப் போகிறாளா என்று பாருங்கள். போனால், விண்ணப்பத்தைப் போடுங்கள்.