இலையுதிர்காலத்தில் மானுக்கு விதைப்பது: கேட்டவையும் என் பதில்களும்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கீழ்த் தீபகற்பத்தில், மணல் அதிகமுள்ள நிலத்தில் ஒன்பது வருடமாக வெள்ளைவால் மான்களுக்கு ஃபுட் பிளாட் போட்டு வருகிறேன், அதாவது வேட்டைக் காலத்தில் மான் வந்து மேயட்டும் என்று சிறு நிலத்தில் பயிர் விதைக்கிறேன். நான் சொல்லும் தேதிகள் எங்கள் பக்கத்துக்கானவை. தெற்கே இருப்பவர்கள் சில வாரம் தள்ளிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, ஆகஸ்ட் முடியப் போகிறது. டர்னிப் விதை வாங்கி வைத்திருக்கிறேன், இப்போது போடலாமா?

வேண்டாம் தம்பி, காலம் கடந்துவிட்டது. டர்னிப், முள்ளங்கி, ரேப் என்ற கடுகு இனச் செடி எல்லாவற்றுக்கும் கடும் உறைபனிக்கு முன் 60 முதல் 90 நாள் வளர்ச்சி வேண்டும். ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 15க்குள் போட்டால்தான் கிழங்கு திரளும். விதையை ஈரம் படாமல் எடுத்து வையுங்கள், அடுத்த வருடம் முளைக்கும். இந்த வருடம் ரையும் ஓட்ஸும் விதையுங்கள், செப்டம்பர் நடுப்பகுதி வரை நேரம் இருக்கிறது.

கேள்வி: கடையில் ரை கேட்டேன், ரைகிராஸ் மூட்டையைக் கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை, உடனே திருப்பிக் கொடுங்கள். ரை என்பது கோதுமைக்கு உறவான தானியம், மாவரைத்து ரொட்டி சுடுகிறார்களே அது. ரைகிராஸ் புல்வெளிக்குப் போடும் புல். மான் அதை அவ்வளவாகத் தேடி வராது, விதை கொட்டிவிட்டால் பல வருடம் நிலத்தை விட்டுப் போகவும் செய்யாது, என் நிலத்தின் ஒரு மூலையில் இன்னும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ரை தானியமோ மண் ஒன்றிரண்டு டிகிரி செல்சியஸில் இருந்தாலே முளைக்கும், புளிப்பு மண்ணைத் தாங்கும், பனி உருகியதும் வேறு எதுவும் இல்லாத நேரத்தில் முதலில் பச்சை காட்டும். தனியாகப் போட்டால் ஏக்கருக்கு 100 பவுண்டு, ஓட்ஸோடு கலந்தால் ஆளுக்குப் பாதி. அக்டோபரில் மான் ஓட்ஸைத்தான் முதலில் மேயும், கடுங்குளிரில் அது செத்த பிறகு ரை கைகொடுக்கும்.

கேள்வி: டிராக்டர் கிடையாது. காட்டுக்கு நடுவே கால் ஏக்கர் வெட்டவெளிதான் இருக்கிறது. நடக்குமா?

தாராளமாக நடக்கும். ஆனால் முதல் வேலை விதை வாங்குவது இல்லை, மண் பரிசோதனை. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவில் அதற்கான பெட்டி வாங்கலாம். மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் எண் 6க்கும் 7க்கும் நடுவில் இருந்தால் நல்லது, குறையக் குறையப் புளிப்பு அதிகம். 5.2 என்று வந்தால் நீங்கள் போடும் உரத்தில் பெரும்பகுதி செடிக்குப் போய்ச் சேராது, அந்தப் பணத்துக்குச் சுண்ணாம்பு வாங்கிப் போடுங்கள். அது மண்ணில் வேலை செய்யப் பல மாதம் ஆகும் என்பதால் இன்றைக்குப் போடுவதன் பலன் அடுத்த வருடம்தான் தெரியும், அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் வெயில். தினம் நாலைந்து மணி நேரமாவது நேராக விழ வேண்டும்.

விதைக்க உழவே தேவையில்லை. களையைக் கொல்லும் மருந்தை லேபிளில் சொன்ன அளவில் அடித்து, அதில் குறித்த நாள்வரை விட்டு, மழை வரப்போகும் நாளாகப் பார்த்து 25, 30 பவுண்டு ரையைக் கையால் வீசுங்கள், உடனே அதன் மேல் களையை வெட்டிச் சாய்த்துவிடுங்கள். சாய்ந்த களையே மூடாக்காகி ஈரத்தைக் காக்கும். ரைக்கு இது நன்றாகப் பிடிக்கும். க்ளோவர் என்ற தீவனச் செடியின் விதையும் சேர்த்தால் கால் அங்குலத்துக்கு மேல் மண் மூடக் கூடாது. அக்டோபரில் மரங்கள் உதிர்க்கும் இலை இளம் க்ளோவரை மூச்சு முட்ட வைத்துவிடும், ஒருமுறையாவது வாரி விடுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு சார்? நாலு மூட்டை மக்காச்சோளம் கொட்டினால் போதாதா?

கீழ்த் தீபகற்பத்தில் 2019இல் அதற்குத் தடை கொண்டுவந்தார்கள். சிடபிள்யூடி என்ற மூளை நோய்தான் காரணம். எச்சில் வழியாகவும் பரவும், வந்த மான் பிழைக்காது. ஒரே குவியலில் பத்து மான் வாய் வைப்பதும், நிலம் முழுக்கப் பரவி நின்று மேய்வதும் ஒன்றில்லை. விதைத்து வளர்ந்த பயிருக்குத் தடை இல்லை, ஆனால் அதே பிளாட்டில் தானியத்தைக் கொண்டுபோய்க் கொட்டினால் அதுவும் இரை போட்டதாகத்தான் கணக்கு. ஒவ்வொரு வருடமும் வேட்டை உரிமம் எடுக்கும்போது விதிகளைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: தின்னக் கொடுத்துச் சுடுவது மனதுக்கு உறுத்தவில்லையா?

உறுத்தியது, அதனால்தான் நன்றாக யோசித்தேன். வருடத்துக்கு ஒரு மான் எடுக்கிறேன், கறி முழுவதும் வீட்டில் சமைத்துத் தீர்க்கிறோம். பிளாட்டில் மேயும் மற்ற மான்களும் குட்டிகளும் குளிர்காலம் முழுக்க அங்கேதான் வரும். வேட்டை முடிந்த பிறகும் நிற்கிற மாதிரி விதைக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: பயிர் அருமையாக வந்திருக்கிறது. கேமராவில் பார்த்தால் மான் ராத்திரியில் மட்டும் வருகிறது. ஏன்?

நீங்கள் வந்து போவது அதற்குத் தெரிந்துவிட்டது. பிளாட்டைக் குறுக்கே கடந்துதான் மானுக்காகக் காத்திருக்கும் வேட்டை மேடைக்கு ஏறுகிறீர்களா? அதை முதலில் நிறுத்துங்கள். உங்கள் வாடையை மான் படுக்கும் பக்கம் கொண்டுபோகும் காற்று அடிக்கிற நாளில் போகவே போகாதீர்கள். சாயங்காலம் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும், அதையும் கணக்கில் வையுங்கள். காலையில் மான் பிளாட்டில் நிற்கும்போதே நடந்து போய்க் கலைத்துவிடுவோம், அதனால் நான் அங்கே மாலையில் மட்டும்தான் உட்காருவேன், அதுவும் வாரத்துக்கு ஒரு முறை. அடுத்த ஜூனில் நடைவழி ஓரமாகத் தீவனச் சோளம் போட்டு வையுங்கள், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து உங்களை மறைக்கும்.

கேள்வி: என் டர்னிப் வளரவே இல்லை, விதை மோசமா, மான் தின்கிறதா?

நாலடிக் கம்பிவலையை வட்டமாக வளைத்துப் பிளாட்டுக்குள் ஒரு கூண்டு நிறுத்துங்கள். ஒரு மாதம் கழித்து உள்ளேயும் வெளியேயும் பாருங்கள். உள்ளே முழங்கால் உயரம், வெளியே மொட்டை என்றால் நிலத்தின் அளவு அங்கே வரும் மான்களுக்குப் போதவில்லை. இரண்டு பக்கமும் குட்டையாக இருந்தால் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.